நெற்றிப் பொட்டளவு துளை

கண்ணாடியில் துளை போடுவது பலரும் பயப்படுகிற அளவுக்குக் கடினமான வேலை அல்ல. ஆறுதலாகச் செய்யவேண்டும், அவ்வளவுதான். மின்சாரம் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பிறகு எங்கள் பக்கத்து மின்கம்பிகள் காகங்களுக்குத்தான் பயன்பட்டன. ஆகவே மின்சாரம் கேட்கிற எந்த முறையையும் நான் சொல்லப்போவதில்லை.

முதலில் ஒரு செப்புக்குழாய்த் துண்டு வேண்டும். பழைய மண்ணெண்ணெய் அடுப்பைக் கழற்றினால் கிடைக்கும். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் எல்லார் வீட்டு அடுப்பும் பழைய அடுப்பாகிவிட்டிருந்தது. அடுத்தது, நீரிறைக்கும் இயந்திரத்தின் வால்வைத் தேய்க்கிற கரகரப்பான பசை. மருதனார்மடச் சந்தியில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருப்பவர்களிடம் விரல்நுனியளவு கேட்டால் தருவார்கள். பிறகு, தச்சர்கள் வைத்திருக்கும் வில்லுத் துறப்பணம். தண்டில் கயிற்றைச் சுற்றி வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். அதன் நுனியில் செப்புக்குழாயைப் பொருத்தவேண்டும். செப்பு கண்ணாடியை வெட்டாது. பசையிலுள்ள பொடியைப் பிடித்துக்கொண்டு சுழலும். பொடிதான் கண்ணாடியைத் தின்னும்.

பலகைமேல் ஈரத்துணி விரித்துக் கண்ணாடியை வையுங்கள். துளை வரவேண்டிய இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரம்பு கட்டி உள்ளே தண்ணீர் விடுங்கள். தண்ணீர் சூட்டை எடுக்கும், தூளைப் பறக்கவிடாது. கண்ணாடித் தூள் மூச்சில் போகக்கூடாது. கண்ணில் போகவே கூடாது, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பாதி போனதும் கண்ணாடியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். கடைசியில்தான் எல்லாரும் உடைப்பார்கள். முடிகிறது என்ற சந்தோசத்தில் கை தானாகப் பாரம் கொடுத்துவிடும். அந்த நேரத்தில் துறப்பணத்தின் பாரத்தைக்கூடக் கையால் தாங்கிக்கொண்டு, இன்னும் மெதுவாகச் சுழற்றவேண்டும்.

நான் இதை என் மனைவியின் படத்தில் செய்தேன்.

நளாயினி தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கார்த்திகையில் காய்ச்சலில் இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன். சுன்னாகத்தில் ஒரு டியூட்டறியில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தேன். நாங்கள் இருந்தது நளாயினிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அதில் நளாயினியின் தாயான மாமியும் தங்கை குணலட்சுமியும் எங்களோடு இருந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த பிறகும் நான் அங்கேயே இருந்தேன். என்னைப் போகச்சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. போகவேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. செத்தவீட்டில் நான் அழவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் இடையிடையே நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

முன்பு சுவாமிப்படம் ஒன்று இருந்த ஆழமான தேக்குச் சட்டத்தில் நளாயினியின் படத்தைப் போட்டு ஹோலில் மாட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் மாமி அந்தக் கண்ணாடியில், நெற்றி இருக்கும் இடத்தில், குங்குமப் பொட்டு வைப்பார். சுமங்கலியாகப் போனவளுக்குப் பொட்டு இருக்கவேண்டும். ஆனால் குங்குமம் கண்ணாடியில் நிற்காது. காய்ந்ததும் செதிலாக உதிர்ந்துவிடும்.

"பாருங்கோ தம்பி, பிள்ளை திரும்பவும் வெறும் நெத்தியோடை நிக்கிறாள்" என்றார் மாமி ஒருநாள்.

"கண்ணாடி வழுக்குது மாமி."

"எனக்குத் தெரியாதே வழுக்குதெண்டு. நீங்கள் படிச்சனீங்கள். அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோவன்."

கண்ணாடியில் ஒரு துளை இருந்தால் குங்குமத்தைக் குழைத்து அதற்குள் அமர்த்திவிடலாம். அது உதிராது. எனக்கு அப்போது செய்வதற்கு வேறு வேலை இருக்கவில்லை. குண்டு அதிர்ச்சியில் உடைந்த யன்னல் கண்ணாடிகள் ஊர் முழுக்கக் கிடந்தன, அவற்றில் பழகினேன். படத்தின் கண்ணாடியை உடைத்தால் வேறு வாங்க முடியாது. கண்ணாடி, பற்றரி, சவர்க்காரம் எதுவும் பொருளாதாரத் தடையால் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே மதியம் எல்லாரும் கண்ணயரும் நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். உடையவில்லை.

மாமி பொட்டை வைத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தார். அது அப்படியே இருந்தது. மாமி எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அயலில் உள்ளவர்கள் தங்கள் தாய்மாரின், பெரியம்மாமாரின் படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நான் மறுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் சுமங்கலியாக இறந்த அத்தனை பேருக்கும் அந்த வருடம் பொட்டு நிலைத்தது.

அதுவரை நான் செய்தது நல்ல காரியம். அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டு மார்கழியில் கலியாணப் புறோக்கர் மார்க்கண்டர் வந்தார். கடும் மழை. பொலித்தீன் பைக்குள்ளிருந்து சாதகக் குறிப்பை எடுத்து, அது நனையவில்லை என்று எல்லாருக்கும் காட்டினார்.

"குணலட்சுமிக்குத் தோதான மாப்பிள்ளை. ஓவசியர். சாவகச்சேரி. குடியில்லை, சீட்டாட்டம் இல்லை. பல்லு மட்டும் கொஞ்சம் முன்னுக்கு."

"பல்லு பரவாயில்லை" என்றார் மாமி. "சாப்பாட்டுக்குத்தானே."

குறிப்பை வாங்கி நளாயினியின் படத்துக்கு முன்னால் இருந்த சின்னப் பீடத்தில் வைத்தார். "அக்காக்காரியும் ஒருக்கால் பாக்கட்டும்" என்றார். அது மாமியின் வழக்கம். வீட்டில் ஒரு நல்ல காரியம் தொடங்குமுன் அந்தப் படத்துக்குக் காட்டாமல் செய்யமாட்டார்.

மாரிக்குச் சுவர் ஊறிப்போயிருந்தது. துளைக்குள் இருந்த குங்குமமும் ஊறியிருக்கவேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பொட்டிலிருந்து ஒரு சிவப்புத் துளி புறப்பட்டு நளாயினியின் மூக்கோரமாக இறங்கி வாயருகே நின்றது.

மார்க்கண்டர்தான் முதலில் பேசினார். "அம்மா, உது வேர்க்குதோ?"

"வேர்க்கேல்லை" என்றார் மாமி. "என்ரை பிள்ளை அழுகிறாள்."

மார்க்கண்டர் குறிப்பைப் பைக்குள் போட்டார். குடையை வீட்டுக்குள்ளேயே விரித்தார். விரித்த குடையோடு கதவால் போக முடியாமல் ஒரு கணம் நின்றார்.

அது சுவரின் ஈரம் என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாயில் தேத்தண்ணி இருந்தது. அது தொண்டையால் இறங்கியபோது அவர் படலையைத் தாண்டிவிட்டார்.

தற்செயலாக நடந்த ஒன்றைத் திரும்பவும் நடத்திக்காட்ட முடியுமா என்று பார்ப்பது பௌதிகம் படித்தவனுக்கு இயல்பு. அதைவிட வேறு நோக்கம் அப்போது இருக்கவில்லை. நளாயினிக்குக் கடைசியாக ஏற்றிய ஊசிமருந்தின் சின்னப் போத்தல் என் சட்டைப்பையில் வீட்டுக்கு வந்திருந்தது. அதை எறிய மறந்துபோய் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். அந்தப் போத்தலின் பக்கவாட்டில், அடிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு துளை போட்டேன். வளைந்த கண்ணாடியில் போடுவது தட்டையான கண்ணாடியில் போடுவதைவிடக் கடினம். துறப்பணம் சறுக்கும். முதலில் அந்த இடத்தைச் சாணைக்கல்லால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் சறுக்காது.

அந்தத் துளையால் ஒரு நூலை விட்டுச் சுற்றி மெழுகு பூசினேன். போத்தலுக்குள் வடித்தெடுத்த குங்குமத் தண்ணீர். இறப்பர் மூடியில் ஒரு வெற்று ஊசி. ஊசியின் வாயை மெழுகால் அடைத்துவிட்டால் உள்ளே காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டால் தண்ணீர் வெளியே வராது. மெழுகை நகத்தால் சுரண்டிவிட்டால், சிறிது நேரத்தில் நூல் வழியாகச் சொட்டத் தொடங்கும். போத்தலைச் சட்டத்துக்குள், படத்துக்குப் பின்னால் பொருத்தினேன். ஊசியின் தலை சட்டத்துக்கு மேலே ஓர் ஆணிபோலத் தெரிந்தது. படத்துக்குப் போட்டிருந்த மாலை அதையும் மறைத்தது. பின்புறம் முழுவதும் மண்ணிறக் காகிதம் ஒட்டினேன்.

நூல் முன்னால் வரவேண்டுமென்றால் படத்திலும் துளை வேண்டும். நளாயினியின் நெற்றியில் ஊசியால் குத்தினேன். காகிதம்தான்.

அடுத்த குறிப்பு ஒரு வாத்தியாருடையது. கரவெட்டிப் பக்கம். நான் சைக்கிளில் அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். நல்ல மனுசன் என்றார்கள். தேநீர்க்கடையில் கேட்டேன், கோயிலடியில் கேட்டேன். ஒருவரைப் பற்றி ஊரில் ஒருவருமே குறை சொல்லவில்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. மச்சாளுக்கு வரும் மாப்பிள்ளையைப் பற்றிக் கவனமாக இருப்பது வீட்டிலிருக்கும் ஒரே ஆம்பிளையின் கடமை.

குறிப்பு வைத்த அன்று நான் படத்தின் மாலையைச் சரிசெய்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். மாமி கற்பூரம் காட்டி முடிக்கவில்லை, துளி இறங்கியது.

இந்தமுறை மாமியின் தம்பி பஞ்சலிங்கம் மாமாவும் வந்திருந்தார். அவர் இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்டர். கோச்சியே ஓடாத ஊரில் எதையும் நம்பாமல் இருப்பது அவருக்குப் பழகியிருந்தது. எழுந்துபோய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, திருப்பி, பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தார்.

"ஆணியைக் கழட்டித் தரட்டோ மாமா?" என்று கேட்டேன். உதவி கேட்பதற்கு முன்பே செய்துகொடுப்பது என் பழக்கம்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "விடு பஞ்சு. செத்த பிள்ளையின்ரை முதுகைத் தடவிப் பாக்கிறியே, வெக்கமில்லை?"

"துளையாலை ஏதோ வருகுது அக்கா. கண்ணாடியிலை துளை இருக்குத்தானே."

"இந்த ஒழுங்கையிலை எல்லாப் படத்திலையும் துளை இருக்கு. தம்பிதான் போட்டுக் குடுத்தவர். வேறை ஆர் அழுகினம் சொல்லு பாப்பம். முன்வீட்டுப் பராசக்தியின்ரை தாய் அழுகிறாவோ? அவவுக்கு அழ எவ்வளவு இருக்கு."

பஞ்சலிங்கம் மாமா யோசித்தார். படத்தைத் திரும்ப மாட்டினார். ஆய்வுகூடத்தில் இதைக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்போம். அயலவரின் படங்களில் துளை போட்டபோது நான் இதைத் திட்டமிட்டிருக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும்.

வாத்தியாரின் குறிப்பும் போய்விட்டது. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலில் செருப்புகள் கூடின. தெரியாத பெண்கள் வந்து படத்தின் முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள். நான் அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். அப்படியான வெள்ளிகளில் மெழுகைத் தொடவில்லை. வித்தை காட்டுகிறவன் அல்ல நான்.

மூன்றாவதாக வந்தவர் கனடாவில் இருந்தார். சொந்த ஊர் இணுவில். பெண் கொழும்புக்கு வந்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, கிளாலியில் வள்ளம் ஏறி, கடல்நீரேரியைக் கடந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போகவேண்டும். மார்க்கண்டர் இந்தமுறை வீட்டுக்குள் வரவில்லை. படலையில் நின்றே குறிப்பை நீட்டினார்.

"உள்ளுக்கு வாங்கோவன் மார்க்கண்டர்" என்றேன்.

"இல்லைத் தம்பி. எனக்குப் பிறசர். நீங்கள் அவவோடை கதைச்சுப்போட்டுச் சொல்லியனுப்புங்கோ."

அவவென்று அவர் சொன்னது மாமியை அல்ல.

அன்று பின்னேரம் நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். குணம் வாளியைக் கீழே வைத்தாள். அவளை வீட்டில் குணம் என்றுதான் கூப்பிடுவோம். நளாயினியைவிட நாலு வயது இளையவள். அதிகம் பேசமாட்டாள்.

"அத்தான், உங்களோடை ஒண்டு கதைக்கோணும்."

"சொல்லு."

"எனக்கு இந்தச் சம்பந்தம் விருப்பம்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆள் எப்பிடியெண்டு தெரியாது. பரவாயில்லை. நான் இஞ்சையிருந்து போகோணும். இந்த வீட்டிலை எனக்கு மூச்சு முட்டுது."

"மாமி தனிச்சுப்போவா."

"அங்கை போய் அம்மாவைக் கூப்பிடுவன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அத்தான், அக்கா ஏன் அழுகிறா எண்டு எனக்குத் தெரியும்."

நான் துவாயால் முகத்தைத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகும் துடைத்தேன்.

"அண்டைக்கு அம்மா என்னைத்தான் கேட்டவ, காய்ச்சல் எப்பிடியெண்டு. குறைஞ்சிட்டுது எண்டு சொன்னனான். குறையேல்லை. உடம்பு நெருப்பாக் கொதிச்சது. உள்ளதைச் சொல்லியிருந்தா அம்மா அப்பவே கார் பிடிச்சு அக்காவைக் கொண்டுபோயிருப்பா. நீங்கள்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனீங்கள். ஆனாச் சொன்னது என்ரை வாய்தானே."

அது உண்மை. அன்று என் மேசையில் திருத்தவேண்டிய விடைத்தாள்கள் இருந்தன. பகல் முழுக்க வானத்தில் ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றியது. கார் பிடிப்பதற்கு மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய வண்டிதான் இருந்தது, அதன் சொந்தக்காரனைக் கெஞ்சவேண்டும். எனக்குக் கெஞ்ச விருப்பமில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றேன். மாமி பயந்துவிடுவார், குறைந்துவிட்டது என்று சொல் என்று குணத்திடம் சொன்னேன். மறுநாள் கொண்டுபோனோம். மருந்தும் ஏற்றினார்கள். பிந்திவிட்டது என்றார்கள்.

"போகமுன்னம் அம்மாட்டை எல்லாத்தையும் சொல்லிப்போட்டுத்தான் போகப்போறன்" என்றாள் குணம். "மனசிலை வச்சுக்கொண்டு கடல் கடக்கேலாது."

"சொல்லாதை" என்றேன். "மாமி தாங்கமாட்டா. நீ முதலிலை அக்காட்டைக் கேள். அவ மன்னிச்சிட்டா எண்டால் பேந்து என்ன. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. போகலாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நன்றியோடு என்னை யாரும் பார்த்ததில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். கிளாலிப் பாதை ஆபத்தானது. வள்ளங்களைக் கடற்படை சுடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு குமர்ப்பிள்ளையை அதில் ஏற்றிவிடுவது பொறுப்பான செயல் அல்ல. இதுதான் என் காரணம். வேறு காரணம் சொல்லச் சொன்னால் யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை குணம் கிணற்றடியில் தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்தாள். குறிப்பைத் தானே வாங்கி, தன் கையால் பீடத்தில் வைத்தாள். நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். நான் முன்னதாகவே மாலையைச் சரிசெய்திருந்தேன். போத்தலை அன்று வழமையைவிடக் கொஞ்சம் கூட நிரப்பியிருந்தேன். இடையில் நின்றுவிட்டால் குழப்பம் வரும்.

"அக்கா" என்றாள். வாய்க்குள்தான் சொன்னாள், ஆனால் ஹோலில் வேறு சத்தம் இருக்கவில்லை. "நான் செய்தது பிழை. என்னைப் போகவிடு."

முதல் துளி இறங்கியது. அவள் எழுந்து அதைப் பாவாடை நுனியால் துடைத்தாள். இன்னொன்று வந்தது. அதையும் துடைத்தாள். பிறகு துடைப்பதை விட்டுவிட்டு நின்றாள். துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கன்னத்தால் இறங்கிக் கண்ணாடியின் அடியில் தேங்கின.

"காணும் அக்கா, போதும்" என்றாள். "விளங்கிட்டுது. காணும்."

மாமி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார். மாமிக்கு எதுவும் விளங்கவில்லை. "என்ன பிள்ளை செய்தனீ, என்ன பிள்ளை செய்தனீ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குணம் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் பிறகும் திறக்கவில்லை. அக்கா மன்னிக்காத ஒன்றை அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

கனடா மாப்பிள்ளைக்குக் கோப்பாயில் வேறு பெண் பார்த்தார்கள். அவள் கிளாலியால் போய் ஒரு கீறலும் இல்லாமல் கொழும்பு சேர்ந்தாளாம். பாதையைப் பற்றி நான் நினைத்தது சற்று மிகையாக இருந்திருக்கலாம்.

குணம் வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்தாள். பிறகு செவ்வாயும் பிடித்தாள். இரவில் பக்கத்து அறையில் அவள் அழுவது கேட்கும். இதையும் சொல்லிவிடவேண்டும்: நளாயினி போனதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இருக்கவில்லை. குணம் அழத்தொடங்கிய பிறகு நித்திரை வந்தது. ஆழமான, கனவில்லாத நித்திரை. ஒரு சாவுக்கு வீட்டில் ஒருவர் அழுதால் போதும். இரண்டு பேர் தேவையில்லை.

இப்படி ஒரு வருடத்துக்குக் கிட்டப் போனது. மார்க்கண்டர் எங்கள் ஒழுங்கையால் வருவதையே விட்டுவிட்டார். குணத்தின் பெயர் ஊரில் அடிபட்டது. செத்த தமக்கை பிடித்து வைத்திருக்கிறாள் என்றார்கள். இனி அவளைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்பது மாமிக்கும் விளங்கிவிட்டது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமி எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்தார்.

"தம்பி, நளாயினியின்ரை மனம் என்னெண்டு எனக்கு இப்பத்தான் விளங்குது. தங்கச்சியை வேறை வீட்டுக்கு விட அவளுக்கு விருப்பமில்லை. உங்களைத் தனிய விடவும் விருப்பமில்லை. அதைத்தான் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களுக்குத்தான் மரமண்டை."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. மனைவி போனால் அவளுடைய தங்கையைக் கட்டுவது பல குடும்பங்களில் நடந்ததுதான். ஆனாலும் நான் இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு சாப்பிட இருந்திருப்பேன்.

"குணத்தைக் கேளுங்கோ மாமி" என்றேன். நான் நியாயமாக நடந்துகொண்டேன்.

குணம் குசினி வாசலில் நின்றாள். எங்கள் கதை அவளுக்குக் கேட்டிருந்தது. முகம் வெளிறியிருந்தது. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள்போலக் கொஞ்சம் தெளிந்தது.

"அக்கா சொல்லட்டும்" என்றாள்.

அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஓவசியருக்கு அழுத படம், வாத்தியாருக்கு அழுத படம், கனடாவுக்கு அழுத படம். தன் புருசனைத் தங்கைக்குக் கொடுக்க ஒருத்தி அழாமல் விடுவாளா.

அந்த வெள்ளிக்கிழமை விடியவே நான் போத்தலைக் கழற்றி எடுத்தேன். அடியில் குங்குமப் படிவு பிடித்திருந்தது. எந்த உபகரணத்தையும் இடைக்கிடை கழுவவேண்டும். அது அன்றைக்கென்று அமைந்துவிட்டது. கழுவிக் காயவைத்தேன். நூலை உருவிவிட்டு, சட்டத்துக்குள் ஈரம் போகாமல் இருக்கப் பின்பக்கத்தை மெழுகால் நன்றாக அடைத்தேன்.

பஞ்சலிங்கம் மாமா வந்தார். மார்க்கண்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு குறிப்பையும் பொருத்தம் பார்த்தவர் என்ற முறையில் அவர் வரவேண்டியிருந்தது. மார்க்கண்டர் குடையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு அருகே இருந்தார். மாமி என் குறிப்பையும் குணத்தின் குறிப்பையும் பீடத்தில் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்.

எல்லாரும் படத்தைப் பார்த்தோம். கற்பூரம் எரிந்து முடிந்தது. பொட்டு பொட்டாக இருந்தது.

"வேர்க்கேல்லை" என்றார் மார்க்கண்டர் மெதுவாக.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் குணம்.

பொறுத்தோம். மாமி இன்னொரு கற்பூரம் வைத்தார். வெளியே யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது. குணம் படத்துக்கு மிக அருகே போய் நின்றாள். இமைக்கவில்லை. அவளுடைய உதடுகள் அசைந்தன. இந்தமுறை என்ன கேட்கிறாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

"கோச்சி கூட இவ்வளவு பிந்தினதில்லைப் பிள்ளை" என்றார் பஞ்சலிங்கம் மாமா. "அவள் சந்தோசமா இருக்கிறாள். பார், முகத்தைப் பார்."

"இன்னும் கொஞ்சம்" என்றாள் குணம். "ஒரு நிமிசம்."

கையை நீட்டிப் பொட்டைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை. குங்குமம் நன்றாகக் காய்ந்திருந்தது.

மாமி அழுதார். சந்தோசத்தில் அழுதார். மார்க்கண்டர் குடையைக் கதவுமூலையில் சாத்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். குணம் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

ஆவணியில் தாலி கட்டினேன். சின்னதாகச் செய்தோம். குணம் இப்போது அழுவதில்லை. கதைப்பதும் குறைவு. எனக்குத் திரும்பவும் நித்திரை வருவதில்லை. அதற்குக் காலநிலை காரணமாக இருக்கலாம். அவள் நேரத்துக்குச் சமைக்கிறாள், என் சட்டைகளைத் தோய்க்கிறாள், வெள்ளிக்கிழமைகளில் தமக்கையின் படத்துக்குப் பொட்டு வைக்கிறாள். வைத்துவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். எதையோ எதிர்பார்ப்பதுபோல இருக்கும்.

நான் பௌதிகம் படித்தவன். படங்கள் அழாது என்பது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் அன்று நாங்கள் எல்லாரும் அவ்வளவு நேரம் காத்திருந்தோம். நளாயினி நினைத்திருந்தால் ஒரு துளி விட்டிருக்கலாம். விடவில்லை. அவளுக்குச் சம்மதம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.